ஜப்பான் வண்டி மேல் போட்ட பழி

எங்கள் மகளின் இடது காதைக் காப்பாற்றத்தான் அந்த வண்டியை வாங்கினோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு அந்த வண்டியைப் பற்றி மலையில் பலர் பலவிதமாகப் பேசினார்கள். எதற்காக வாங்கினோம் என்பது அந்தப் பேச்சில் காணாமல் போய்விட்டது.

வலது காது அவளுக்கு முன்பே கேட்காமல் போய்விட்டது. கைக்குழந்தையாக இருந்தபோதே சீழ் வடிந்தது. சளிதான், பல் முளைக்கிற நேரம்தான் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நானும் நம்பினேன். மூன்று வயதில் இடது காதிலும் சீழ் வந்தபோது சேலத்துக்குக் கொண்டுபோனோம். நான் பி.எஸ்சி. படித்தவள், கொஞ்ச நாள் மலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள் என்று தெரிந்ததும் காது டாக்டர் என்னைப் பார்த்தே பேசினார்.

"மருந்து போட்டுக்கிட்டே இருங்க. ஆனா காய்ச்சல், வாந்தி, தலைவலி மூணும் சேர்ந்து வந்துச்சுன்னா உடனே கிளம்பிடணும். மலையில இருக்கீங்க. நாளைக்குப் பாக்கலாம்னு மட்டும் இருந்துடாதீங்க. காதோட போற விஷயமில்ல அது."

அதையே ஒரு சீட்டிலும் எழுதித் தந்தார்.

நான் ராசிபுரம் பக்கத்தில் பிறந்தவள். அப்பா விசைத்தறி வைத்திருந்தார். 1997இல் கல்யாணமாகிக் கொல்லிமலைக்கு வந்தேன். கணவர் மலைமேல் உள்ள குண்டனி நாட்டுக்காரர். மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி அடிவாரத்துக்கு அனுப்புகிற வியாபாரம். பஸ் நிற்கும் இடத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து நல்ல நடை. அந்த பஸ்ஸில் மகளை மடியில் வைத்துக்கொண்டு எழுபது வளைவும் இறங்கினால், காரவள்ளி வருவதற்குள் அவள் குடித்த பால் முழுக்க என் சேலையில் இருக்கும். டாக்டர் "உடனே" என்று சொன்ன அன்று திரும்பி வரும்போது அந்த பஸ்ஸில் உட்கார்ந்தபடி, உடனே என்றால் எப்படி, எதில் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீடு வந்ததும் கணவரிடம் சொன்னேன். அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்.

எந்த வண்டி என்ற கேள்வி காரவள்ளி டீக்கடையில்தான் முடிவானது. கணவர் அனுப்பும் மிளகை வாங்குகிறவர் அடிவாரத்தில் மண்டி வைத்திருந்த ஒரு பாய். அவரிடம் ஒரு சின்ன லாரி இருந்தது. ஜப்பான் கம்பெனி ஒன்று எண்பதுகளில் இங்கே கூட்டுச் சேர்ந்து விட்ட லாரி. அதே கம்பெனி இப்போது எட்டுப் பேர் உட்காரும் புது வண்டி விட்டிருந்தது. அதைத்தான் பார்த்துவிட்டு வந்திருந்தோம்.

"எடுக்கறதுன்னா கண்ண மூடிக்கிட்டு எடுங்க," என்றார் பாய். "என் லாரி என்னைக்காச்சும் பாதி வளைவுல நின்னுச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும். இந்த டீக்கடைய எழுதி வெச்சிடறேன்."

"கடை என்னுதுங்க பாய்," என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

பக்கத்தில் நின்ற ஜீப் டிரைவர் விடவில்லை. "அந்தப் புது வண்டியத் தட்டிப் பாத்தீங்களா டீச்சர்? பென்சில் டப்பா மாதிரிச் சத்தம் வருதுங்க. நம்ம ஜீப்பு பாறையில மோதுனா பாறைக்குத்தான் காயம்."

"அதான் தெனம் நாலு பேரு எறங்கித் தள்ளிக்கிட்டுப் போறாங்களா, பாறை பாவம்னு?"

"தள்ளுனா நகருதில்லீங்க பாய்? ஜப்பான்காரன் வண்டி நின்னா ஜப்பானுக்கில்ல போன் போடோணும்."

"நின்னாத்தானே மாப்ள."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பாயிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "அவசரம்னா உடனே கெளம்புமாங்க?"

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு என் மடியில் தூங்கிய மகளைப் பார்த்தார். "சாவியத் திருப்புனாப் போதும் தங்கச்சி. மார்கழிப் பனியிலயும் ஒரே திருப்புத்தான். அதுக்கு நான் பொறுப்பு."

வண்டி வந்தது. அதோடு ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் வந்தது. ஓட்டும் முறை, எண்ணெய் மாற்றும் காலம் எல்லாம் போக, முன்பக்கங்களில் கம்பெனியின் கதையும் இருந்தது. நான் படித்துக் கணவருக்குச் சொன்னேன். அந்தக் குடும்பம் முதலில் தறி செய்துகொண்டிருந்ததாம். தறி விற்ற பணத்தில் மகன் கார் செய்து பார்த்தானாம். யுத்தத்தில் எல்லாம் போய், கடன்பட்டு, வேலையாட்களை நிறுத்தி, இனி எழ மாட்டார்கள் என்று ஊரே சொன்ன நேரத்தில் லாரி செய்து விற்று எழுந்தார்களாம். ஒரு பக்கம் முழுக்க, ஒரு கதவை எத்தனை முறை திறந்து மூடிப் பார்த்த பிறகு விற்பனைக்கு விடுகிறார்கள் என்று எழுதியிருந்தது.

"அப்ப உங்கப்பாவும் இன்னேரம் கார் பண்ணியிருக்கோணும்," என்றார் கணவர். "நல்லவேளை பண்ணல, பண்ணியிருந்தா கல்யாணத்துக்கு எனக்கு ஒண்ணு கேட்டிருப்பேன்."

கணவரின் அம்மா, என் அத்தை, வண்டியில் ஒரு சுற்றுப் போய் வந்துவிட்டு, "சத்தமே இல்லையே கண்ணு, போன மாதிரியே இல்லை," என்றார்.

எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது. பிரேக் எண்ணெய், டயர் காற்று, தண்ணீர் எல்லாவற்றையும் அதில் சொன்ன நாட்களில் பார்க்கச் சொல்லிக் கணவரை நச்சரித்தேன். டாக்டரின் சீட்டை வண்டிப் பெட்டியில் அந்தப் புத்தகத்தின் நடுவே வைத்தேன். சாவிக்கு வாசல் நிலையில் ஆணி அடித்தேன். வேறு எங்கும் வைக்கக் கூடாது என்பது என் சட்டம். இப்படியெல்லாம் ஏற்பாடு செய்கிற பெண் வேளை வரும்போது சரியாக நடந்துகொள்வாள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நானே அப்படித்தான் நினைத்தேன்.

அதே வண்டி வைத்திருந்தவர்கள் மலையில் இன்னும் இரண்டு மூன்று பேர். சந்தையில் பார்த்துக்கொண்டால் வேறு பேச்சே இருக்காது. பெட்டி மாதிரி இருக்கிறது, அழகில்லை என்பார்கள். பின்சீட்டில் உட்கார்ந்தால் பெரியவர்களுக்கே குமட்டுகிறது என்பார்கள். சாமான் விலை அதிகம், நம் ஊர் வெல்டர் கையில் அடங்காது என்று குறைபடுவார்கள். முடிக்கும்போது எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: நிற்காது. மூன்று வருடம் எங்களுக்கும் நிற்கவில்லை. சேலத்துக்கு மாதம் ஒருமுறை போய் வந்தோம். நடு சீட்டில் மடித்த போர்வையில் தலை வைத்து மகள் தூங்கிக்கொண்டே இறங்குவாள். இடது காதில் சீழ் நின்று, பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுச் சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வைத்திருப்பவர் எதற்கு வேண்டுமானாலும் முடியாது என்று சொல்லலாம், சாவுக்குச் சொல்லக் கூடாது. கீழே ஆஸ்பத்திரியில் யாராவது இறந்துபோனால் உடலை மேலே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அப்படிப் பிணம் ஏறிய வண்டியில் இரண்டு நாள் யாரும் ஏற மாட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் சாவு வீட்டார் மஞ்சள் தண்ணீரோடு வருவார்கள். வண்டிக்குத் தெளித்து, சக்கரத்தில் எலுமிச்சை வைத்து, "எடுத்துக்குங்க" என்று சொன்ன பிறகுதான் வண்டி வாசலை விட்டு நகரும். இது எங்கள் சில ஊர்களில் மட்டும் இருந்த பழக்கம் என்று நினைக்கிறேன். நான் வந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கிருமி பற்றிப் பாடம் நடத்தும்போது, தண்ணீரில் மஞ்சள் போட்டால் சாவு ஓடிவிடாது என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தடவை இறந்தது பக்கத்து ஊர்ச் சிறுமி. மஞ்சள் காமாலை. என் மகளைவிட ஒரு வயது சின்னவள். நாமக்கல்லில் இருந்து கணவர்தான் கொண்டுவந்தார். மதியம் வண்டி வாசலுக்கு வந்ததும் கதவைத் திறந்து பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். நடு சீட்டில், என் மகள் தலை வைக்கிற அதே இடத்தில், அந்தக் குழந்தையின் தலையெண்ணெய் உள்ளங்கை அளவு கறையாக இருந்தது. அவள் அம்மா காலையில்தான் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிட்டிருக்கிறாள்.

மறுநாள் காலையில் என் மகளுக்குக் காய்ச்சல். பத்து மணிக்கு ஒருமுறை வாந்தி எடுத்தாள். அப்புறம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "இங்க வலிக்குதும்மா," என்றாள்.

மூன்று. நான் எண்ணினேன். எண்ணத் தெரியாமல் இல்லை.

கணவர் சாவியை ஆணியிலிருந்து எடுத்துவிட்டார். "கெளம்பலாமா?"

நான் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தேன். "காலையில சாப்பிட்ட இட்லி ஒத்துக்கலைன்னு நினைக்கறேங்க. காய்ச்சல் மருந்து குடுத்திருக்கேன். பாக்கலாம்."

"டாக்டரு சொன்னாரே?"

"நாளைக்குக் காலையில அவங்க வந்து தெளிச்சிருவாங்க. ஒடனே போயிரலாங்க."

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். உள்ளேயிருந்து அத்தை வந்தார். எழுத்து தெரியாதவர். வாரத்தில் ஐந்து நாள் ஏதாவது ஒரு சாமிக்கு விரதம் இருப்பவர். "புள்ளைக்கு மேலயா சாங்கியம்? அதெல்லாம் ஆன பொறவு பாத்துக்கலாம். எடுத்துக்கிட்டுப் போங்க சாமி," என்றார்.

என்னைத் தடுத்தவர் யாரும் இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். மாமியார் தடுத்தார், ஊர் தடுத்தது என்று எழுத முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அந்த எண்ணெய்க் கறையின் மேல் என் மகளின் தலையை வைக்க எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். போர்வையை விரித்து மறைத்திருக்கலாம். முன்சீட்டில் என் மடியில் வைத்துக்கொண்டிருக்கலாம். ஜீப்பைக் கூப்பிட்டிருக்கலாம். இந்த யோசனையெல்லாம் அன்றைக்கே வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். ஜீப் ஆட்டத்தில் வாந்தி அதிகமாகும் என்றேன். பஸ் போய்விட்டது என்றேன். மருந்து கொடுத்து ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியபோது, "பாத்தீங்களா?" என்று கணவரிடம் ஜெயித்தவள் மாதிரிச் சொன்னேன். அவர் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். இதுமாதிரி விஷயங்களில் என் படிப்பின் மேல் அவருக்கு நம்பிக்கை.

விடியும்போது மகளுக்கு வலிப்பு வந்தது.

சாவு வீட்டார் வருவதற்குக் காத்திருக்கவில்லை. கணவர் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. இரண்டு நாள் பனியில் நின்ற வண்டி, எந்தத் தகராறும் செய்யாமல் கிளம்பியது. ஊர் எல்லை தாண்டும்போது எதிரில் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். இறந்த குழந்தையின் அப்பா கையில் சொம்பு. எங்கள் வேகத்தைப் பார்த்துப் பாதையை விட்டு ஒதுங்கினார். என் மடியில் பிள்ளை கிடந்த கிடப்பைப் பார்த்திருக்க வேண்டும். ஓடுகிற வண்டியின் மேல் சொம்புத் தண்ணீர் முழுவதையும் வீசினார். கண்ணாடி மஞ்சளாகி வழிந்தது. கணவர் வைப்பரைப் போட்டார்.

எழுபது வளைவு, அப்புறம் சேந்தமங்கலம், அப்புறம் சேலம். எங்கேயும் நிற்கவில்லை.

காது டாக்டரும் இன்னொரு பெரிய டாக்டரும் வந்து பார்த்தார்கள். காதிலிருந்து கிருமி மூளை உறைக்குப் போய்விட்டது என்றார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். வராந்தாவில் காது டாக்டர் என்னிடம் கேட்டார், "எப்போ ஆரம்பிச்சது?"

"நேத்துக் காலையிலங்க."

"நேத்தேவா? ஏன்மா வரலை? எழுதியே குடுத்திருந்தேனே."

கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "வண்டி நின்னுருச்சுங்க. கெளம்பவே இல்லை."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "மலையில அதான் கஷ்டம்," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கணவர் கையில் இருந்த சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று இன்றுவரை அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ என்னவோ.

மகள் பிழைத்தாள். மூன்று வாரம் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவள் காதருகே நான் கை தட்டினேன், கிண்ணத்தைத் தட்டினேன், பெயர் சொல்லிக் கத்தினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் டாக்டரிடம் சொன்னது எங்களுக்கு முன்பே மலையேறியிருந்தது. அடுத்த படுக்கையில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார், அவர் வழியாக இருக்கலாம். காரவள்ளி டீக்கடையில் ஜீப் டிரைவருக்கு அது போதுமானதாக இருந்தது. "அப்பவே சொன்னனில்ல? ஜப்பான் வண்டி சமவெளிக்குத்தான். டீச்சர் புள்ள காதே போயிருச்சு, பாவம்." எங்களோடு சந்தையில் பேசிக்கொண்டிருந்த ஒருவர் தன் வண்டியை விற்றுவிட்டார். வாங்குவதாக இருந்த இருவர் வேறு வண்டி பார்த்தார்கள். ஒரு கம்பெனி தறியில் ஆரம்பித்துத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த பேர், எங்கள் மலையில் என் ஒரு வாக்கியத்தில் போயிற்று.

பிறகு ஒரு நாள் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே நாமக்கல்லில் இருந்து ஒரு மெக்கானிக்கையும் கூட்டி வந்திருந்தார். பாய் மெலிந்து போயிருந்தார். டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டார், குடிக்கவில்லை.

"நான்தானே பொறுப்புன்னு சொன்னேன்," என்றார். "அதான். எங்க கோளாறுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். என் கண்ணால பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

மெக்கானிக் காலையில் ஆரம்பித்தார். பேட்டரி, டீசல் பைப், வயர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அணைத்து அணைத்துக் கிளப்பினார். நான் அடுப்படியில் நின்று ஒவ்வொரு முறையும் அது கிளம்புவதைக் கேட்டேன். இருபது தடவையாவது இருக்கும். ஒருமுறைகூடத் தவறவில்லை. மதியம் அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஒண்ணுமே இல்லீங்க. புது வண்டி மாதிரி இருக்குது. நின்னுருச்சுன்னு சொல்றது எனக்குப் புரியலீங்க."

பாய் என் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். அத்தை முறத்தோடு எழுந்து உள்ளே போய்விட்டார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அந்த வீட்டில் எல்லாரும் தனித்தனியாக முடிவு செய்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"வண்டி நிக்கலீங்க," என்றேன். "நான்தான் போக வேண்டாம்னேன். சாவுக்குப் போன வண்டிங்க அது. தண்ணி தெளிக்கலைன்னு..."

மெக்கானிக் சட்டென்று வெளியே போய் ஸ்பேனர்களைப் பொறுக்க ஆரம்பித்தார். பாய் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"யாருக்கும் இதைச் சொல்ல வேண்டாம் தங்கச்சி," என்றார் கடைசியில். "வண்டி மேலயே இருக்கட்டும். அதுக்கென்ன, அது பட்டுக்கும்."

"உங்களுக்குத்தான கெட்ட பேருங்க. நீங்க சொல்லித்தான வாங்குனோம்னு..."

"எனக்கும் பேத்தி இருக்கு," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. காலையிலிருந்து ஆறிக் கிடந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

அவர் சொன்னபடியே நான் யாரிடமும் சொல்லவில்லை. அதுவும் சரிதானா என்று தெரியவில்லை. அவர் மண்டிக்கு வருகிறவர்களிடம் வண்டிகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார் என்று கணவர் ஒருமுறை சொன்னார்.

வண்டி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கு மகளை அதில்தான் கொண்டுபோய் விடுகிறோம். போன வாரம் காரவள்ளியில் யாரோ ஒருவர், கைக்குழந்தையோடு நின்ற மனைவியைக் காட்டி, "இந்த வண்டி எடுக்கலாம்னு இருக்கேன், மலைக்குத் தாங்குங்களா? ஒருதரம் உங்களுக்கு நின்னுருச்சாமே?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் குழந்தை சளியில் மூச்சுவிடச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தது. நான் மகளைப் பார்த்தேன். அவள் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, எஞ்சின் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடுகிறது என்று எனக்குத் தலையசைத்துக் காட்டினாள்.

"எடுங்க," என்றேன். "அன்னைக்கும் நிக்கலீங்க."

அவருக்குப் புரியவில்லை. "அப்புறம் எதுக்கு அப்படிச் சொல்றாங்க?" என்றார்.

கணவர் உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டார். நான் மகளின் கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தேன். கேட்டவர் இன்னும் பதிலுக்காக ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார்.